கடல் வழிவிடும் நேரம்: லிண்டிஸ்ஃபார்ன் திருப்பயண நடை, ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டியுள்ள லிண்டிஸ்ஃபார்ன், கடல் ஏறும்போது தீவு. வற்றும்போது கரையோடு சேர்ந்த நிலம். நாளுக்கு இரண்டு முறை இப்படி நடக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி எழுதிய திருச்சபை வரலாற்றிலேயே இந்தச் செய்தி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரில் தொடங்கி இந்தத் தீவில் முடியும் புனித கத்பர்ட் வழி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஒரு மே மாதத்தில் 14 பேர் வழிகாட்டியோடு அதை நடந்து முடித்த கதை இது. எல்லோருக்கும் பின்னால் நடந்து, யாரும் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதனால் பயணத்தின் உள்வேலைகளையும் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

எல்லோரும் காத்திருந்த காலையில் நாங்கள் மணலில் இறங்கவில்லை. வேனில் ஏறித் தீவுக்குப் போனோம். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நம்புகிறேன். அப்படி ஒரு முடிவை எடுத்த பிறகும் பயணம் கெடாமல் இருந்ததற்குக் காரணம் முன்பே செய்து வைத்திருந்த சில ஏற்பாடுகள். இந்த ஆய்வின் மையம் அவைதான்.

வழியும் புனிதரும்

குறியிட்ட நடைபாதையாக இந்த வழி திறக்கப்பட்டது 1996இல்தான். ரான் ஷா, ரோஜர் ஸ்மித் என்ற இருவர் வகுத்தது. மத்திய காலத் திருப்பயணிகள் நூறு கிலோமீட்டரும் இதே தடத்தில் நடந்தார்கள் என்று ஒரு விளம்பரம் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் இது தொட்டுச் செல்லும் இடங்கள் பழையவை. முடிவில் வரும் மணல்வெளியோ உண்மையிலேயே திருப்பயணிகளின் வழி. 1954இல் தார்ச்சாலை போடும் வரை தீவுக்கு நடந்து போனவர்கள் அந்த மணலில்தான் போனார்கள்.

635இல் அந்தப் பகுதியை ஆண்ட மன்னர் ஓஸ்வால்டின் அழைப்பை ஏற்று, ஸ்காட்லாந்தின் அயோனா தீவு மடத்திலிருந்து வந்த எய்டன் என்ற துறவி லிண்டிஸ்ஃபார்ன் தீவில் ஒரு மடத்தைத் தொடங்கினார். 651இல் அவர் இறந்த இரவில், லாமர்மியூர் குன்றுகளில் ஆடு காத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் வானில் ஒளியைக் கண்டான். அவன்தான் கத்பர்ட். மெல்ரோஸ் மடத்தில் சேர்ந்தார், பின்னாளில் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை நடத்தினார், 676இல் தனிமை தேடி இன்னர் ஃபார்ன் தீவுக்குப் போனார். 685இல் அவரை ஆயராக்கினார்கள். இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை, 687 மார்ச் 20 அன்று இன்னர் ஃபார்னிலேயே இறந்தார். பதினோரு ஆண்டு கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்தது என்று பீட் எழுதுகிறார். திருப்பயணிகள் வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

793இல் வைக்கிங் என்ற கடற்கொள்ளையர்கள் தீவைச் சூறையாடினார்கள். 875இல் துறவிகள் புனிதரின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வெளியேறினார்கள். ஓஸ்வால்டின் தலையும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. பல இடங்களில் அலைந்த அந்தப் பெட்டி 995இல் டர்ஹம் சேர்ந்தது. 1827இல் அதைத் திறந்தபோது கத்பர்ட்டின் மார்புச் சிலுவை கிடைத்தது. தங்கத்தில் சிவப்புக் கல் பதித்தது. வழிநெடுக மரக்கம்பங்களில் காணப்படும் குறி அந்தச் சிலுவையின் வடிவம்தான். இந்தக் கதையை வழிகாட்டி மெல்ரோஸிலேயே கொட்டிவிடவில்லை. எந்த இடத்தில் எது நடந்ததோ அங்கே அதைச் சொன்னார். எயில்டன் குன்றுகளின் நடுக்கணவாயில் ஏறி மூச்சு வாங்கி நின்றபோது, வடக்கே தெரிந்த லாமர்மியூரைக் கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் ஆட்டிடையனின் கதையைத் தொடங்கினார்.

ஏற்றவற்றக் கணக்கு

தமிழ் வாசகர்களுக்கு இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக் நீரிணைக் கரைகளில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. லிண்டிஸ்ஃபார்ன் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது நான்கு மீட்டர் அளவுக்குப் போகும். தட்டையான மணல்வெளியில் அந்த நீர் எப்படிப் பரவும் என்று நினைத்துப் பாருங்கள். நீர் கடல் பக்கமிருந்து ஒரே கோடாக முன்னேறி வருவதில்லை. பள்ளமான ஓடைகள் முதலில் நிரம்புகின்றன. மேடான மணலில் நிற்பவருக்குக் கால் நனைவதற்கு முன்பே முதுகுக்குப் பின்னால் வழி அடைபட்டுப் போயிருக்கும்.

தீவுக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று தார்ச்சாலை. எந்த நேரத்தில் அதைக் கடக்கலாம் என்று நார்தம்பர்லாந்து கவுன்சில் ஒவ்வொரு நாளுக்கும் அட்டவணை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் வண்டியை விட்டு நடுவில் மாட்டிக்கொள்பவர்களை சீஹவுசஸ் உயிர்காப்புப் படகு போய் மீட்பது ஆண்டுதோறும் நடக்கிறது. இன்னொன்று மணல்வெளி. ஏறத்தாழ 5 கிலோமீட்டர்; உயரமான மரக்கம்பங்கள் வரிசையாக நட்டிருக்கும். நடுவழியில் தூண்கள் மேல் நிற்கும் இரண்டு அடைக்கலக் கூண்டுகள் உண்டு. மாட்டிக்கொண்டவர் ஏணியில் ஏறி உட்கார்ந்து கடல் வற்றும் வரை காத்திருக்க வேண்டியதுதான். சாலைக்கான அட்டவணை மணலில் நடப்பவருக்குப் பொருந்தாது. நடப்பவர் கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டு, அது முழுதாக வற்றும் நேரத்துக்குள் அக்கரை சேர்ந்துவிட வேண்டும். அந்த நேரமோ நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் அளவுக்குத் தள்ளிக்கொண்டே போகும்.

பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனம் முதலில் தந்த நிரலில் இந்தக் கணக்கே இல்லை. எந்த வாரம் போனாலும் அதே நிரல்தான்: ஊலர் ஊரிலிருந்து தீவு வரை ஒரே நாளில் ஏறத்தாழ 29 கிலோமீட்டர், பிற்பகலில் தீவு, மறுநாள் காலை ஊர் திரும்புதல். வழிகாட்டி அதைத் திருப்பி அனுப்பினார். அவர் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏற்றவற்ற அட்டவணையை முதலில் எடுத்துவைத்து, கடல் காலைப் பொழுதில் வற்றும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு இரவுத் தங்கலையும் எண்ணி மெல்ரோஸ் வரை வந்தார். 29 கிலோமீட்டரை உடைத்து, ஃபென்விக் கிராமத்தின் அருகே ஓர் இரவைச் சேர்த்தார். தீவில் ஒன்றுக்குப் பதில் இரண்டு இரவு கேட்டார். தீவில் தங்கும் இடங்கள் குறைவு, வாடகையும் அதிகம். செலவு ஏறும் என்று நிறுவனம் இழுத்தடித்தது. இரண்டாவது இரவு இல்லையென்றால் இந்தக் குழுவை நான் கூட்டிப்போக மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டது.

மெல்ரோஸிலிருந்து ஃபென்விக் வரை

நடையின் பெரும்பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முதல் நாள் ட்வீட் ஆற்றங்கரை, பிறகு டியர் ஸ்ட்ரீட் என்ற ரோமானியச் சாலையின் நேர்கோடு. இரண்டாம் நாள் வயல்கள். மூன்றாம் நாள் வைட்ஓப்பன் குன்று. 368 மீட்டர்தான், ஆனால் பாதையின் மிக உயரமான இடம் அது. காற்று ஆளைத் தள்ளுகிறது. ஏறியதைவிட இறங்கியதுதான் முழங்கால்களைப் பதம் பார்த்தது. நான்காம் நாள் ஒரு கல்வேலியின் கதவைத் திறந்துகொண்டு ஸ்காட்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குள் நுழைந்தோம்.

மாலை தோறும் வழிகாட்டி ஒரு வேலை செய்தார். எல்லோரையும் காலணி கழற்றச் சொல்லி ஒவ்வொருவரின் பாதத்தையும் பார்த்தார். தோல் சிவந்து சூடாக இருக்கும் இடத்தில் அப்போதே பட்டை ஒட்டிவிட்டால் மறுநாள் கொப்புளம் வராது. ஓய்வுபெற்ற ஆங்கிலிக்கன் குரு ஒருவர் குழுவில் இருந்தார். முதல் மாலை பாதத்தை நீட்டக் கூச்சப்பட்டவர், மூன்றாம் மாலை தானே கிண்ணத்தில் வெந்நீர் எடுத்துவந்து மற்றவர்களின் காலைக் கழுவ உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை, யாரும் எதுவும் பேசவும் இல்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் கத்பர்ட் குகைக்கு வந்தோம். பைன் மரங்களுக்கு நடுவே முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் மணற்பாறையும் அதன் அடியில் பரந்த நிழலும்தான் அந்தக் குகை. 875இல் சவப்பெட்டியோடு போன துறவிகள் இங்கே இளைப்பாறினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. வழிகாட்டி அதை நம்பிக்கை என்றே சொன்னார். வரலாறு என்று சொல்லவில்லை. பிறகு அரை மணி நேரம் யாரையும் பேச வேண்டாம் என்றார். பெட்டியின் எடை தோளில் அழுத்த, பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போன அந்த மனிதர்களை நினைத்துப் பார்க்க அந்த அரை மணி உதவியது. விளக்கவுரை எதுவும் அதைச் செய்திருக்காது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மறுநாளுக்கான விதிகளைச் சொன்னார். கடல் முழுதாக வற்றுவது காலை 10:20. மணலில் இறங்குவதானால் 8:20க்குள் இறங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் பல கம்பங்கள் தூரம் வரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் இறங்க மாட்டோம், கரையில் நின்று விவாதிக்கவும் மாட்டோம். "கேள்வி இருந்தால் இப்போது கேளுங்கள்" என்றார். ஒருவரும் கேட்கவில்லை. வெளியே வானம் நட்சத்திரங்களோடு தெளிவாக இருந்தது.

மூடுபனிக் காலை

காலை 6:15க்குக் கிளம்பியபோதே பனி இறங்கியிருந்தது. இளவேனிலில் சற்றே வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடல் மேல் வரும்போது இந்தக் கரையில் திடீரென்று மூடுபனி படரும்.

கடற்கரைக்கு முன்னால் லண்டன்–எடின்பரோ ரயில் பாதையைக் காலால் கடக்க வேண்டும். அங்கே ஒரு தொலைபேசி இருக்கிறது. அதில் சமிக்ஞை அலுவலரை அழைத்து, கடக்கலாமா என்று கேட்ட பிறகுதான் தண்டவாளத்தில் கால் வைக்க வேண்டும். வழிகாட்டி அழைத்து, எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொன்னார். காத்திருக்கச் சொன்னார்கள். சில நிமிடத்தில் வேலியின் அப்பால் ஒரு ரயில் போனது. அதைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. சத்தமும் காற்றின் அறையும் மட்டும் வந்தன. அந்த இடத்திலேயே எனக்கு அன்றைய முடிவு தெரிந்துவிட்டது என்று சொல்வேன். பனியின் அடர்த்தி அப்படி.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாங்கிகளைத் தடுக்கப் போட்ட சிமென்ட் கட்டிகளைத் தாண்டி 7:45க்குக் கரை சேர்ந்தோம். முதல் கம்பம் தெரிந்தது, இரண்டாவதும் தெரிந்தது. மூன்றாவது ஒரு கோடு போல வந்து வந்து மறைந்தது. எங்கள் குழுவைச் சேராத இருவர் வந்து எங்களைப் பார்த்து நின்றுவிட்டு, பிறகு கம்பத்தைப் பிடித்தபடி உள்ளே போனார்கள். பத்து நிமிடத்தில் முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்தார்கள்.

குழுவில் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர் ஒன்றில் பிறந்து லண்டனில் வாழும் ஒரு அக்கா இருந்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, கம்பு தெரியுதுதானே? ஒண்டைப் பிடிச்சு மற்றதுக்குப் போகேலாதோ?"

"கம்பம் தெரியும் அக்கா. தண்ணி எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாது."

"நானும் கடற்கரையில பிறந்தனான். எங்கட கடல் இப்பிடி ஆளை ஏமாத்தாது" என்றார். பிறகு கையிலிருந்த செபமாலையைப் பைக்குள் வைத்தார். அவருடைய அம்மா இறந்த ஆண்டு அது. அம்மாவுக்காக இந்த மணலை வெறுங்காலால் கடப்பதாக நேர்ந்திருந்தார் என்பது எனக்கு முன்பே தெரியும்.

8:20 ஆனது. மூன்றாவது கம்பம் முழுதாக மறைந்திருந்தது. வழிகாட்டி கடிகாரத்தைக் காட்டிவிட்டு, "வேன் வருகிறது" என்று மட்டும் சொன்னார். முந்தைய இரவே பேசி முடித்ததால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் முகங்கள் தொங்கிப்போயின. ஒருவர், நூறு கிலோமீட்டர் நடந்தது வேனில் முடியவா என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். சாலை வழியாவது நடக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. நடைபாதை இல்லாத குறுகிய சாலை, எதிரே வரும் வண்டி தெரியாத பனி, அதற்கும் மறுத்துவிட்டார். அந்த மறுப்பும் சரி. பயணம் முழுவதும் ஆறுதலாகப் பேசிய வழிகாட்டி அந்த ஐந்து நிமிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேரம் தொடங்கியிருக்கும்.

மறுநாள்

தீவில் கழிந்த அந்த நாள் வீண் போகவில்லை. மத்திய கால மடத்தின் இடிபாடுகளுக்கு அருகில் உள்ள புனித மரியா ஆலயத்தில், ஆறு துறவிகள் சவப்பெட்டியைச் சுமந்து போகும் மரச்சிற்பம் இருக்கிறது. ஃபென்விக் லாசன் என்ற சிற்பி செதுக்கியது. வெட்டுத் தடங்கள் தெரியும் கரடுமுரடான மரம். குகையில் உட்கார்ந்து நினைத்த மனிதர்களை அங்கே ஆளுயரத்தில் பார்த்தோம். பிற்பகலில் கடல் ஏறிச் சாலை மூடியதும் அன்றாடப் பயணிகள் எல்லோரும் போய்விட, நூற்றைம்பது பேர் அளவில் வாழும் அந்தத் தீவு தன் இயல்புக்குத் திரும்பியது. மாலை செபத்துக்குக் குழுவில் பெரும்பாலானோர் போனார்கள்.

மறுநாள் கடல் முழுதாக வற்றுவது ஏறத்தாழ 11:10. சாலை திறந்தவுடன் வேன் எங்களைத் தீவிலிருந்து பழைய கரைக்கே கொண்டுபோய் விட்டது. வானம் வெளுத்து, கம்பங்கள் தீவின் விளிம்பு வரை வரிசையாகத் தெரிந்தன. 9:10க்குள் காலணியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு இறங்கினோம். வைட்ஓப்பன் இறக்கத்தில் முழங்கால் வீங்கிய ஒருவர் மட்டும் வேனிலேயே தீவுக்குத் திரும்பினார். அக்கரையில் துண்டுகளோடு நிற்பது தன் வேலை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

தூரத்திலிருந்து வழுவழுப்பாகத் தெரியும் மணல் உண்மையில் அலை அலையாக வரிந்து இறுகியிருக்கிறது. உள்ளங்கால் வளைவில் அந்த வரிகள் குத்துகின்றன. சில இடங்களில் கறுத்த சேறு கணுக்கால் வரை இழுத்து, அழுகிய கடற்பாசி வாடையைக் கிளப்புகிறது. ஓடையைக் கடக்கும்போது குளிர்நீர் முழங்காலைத் தொட்டது. தெற்கே மணல்திட்டுகளில் கிடக்கும் சாம்பல் நிறக் கடல்நாய்களின் ஓலம் முதலில் மனிதக் குரல் போலவே கேட்டது. ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். முதல் அடைக்கலக் கூண்டைத் தாண்டியதும், இனி பேச்சு வேண்டாம், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே இடைவெளி விடுங்கள் என்று சைகை வந்தது. அக்கா எனக்கு நேர் முன்னால் போனார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. 11 மணிக்குக் கொஞ்சம் முன்பு கடைசி ஆளாக நான் புல்தரையில் ஏறினேன்.

எது சரி, எது மாற வேண்டும்

மூடுபனியை யாராலும் திட்டமிட முடியாது. ஆனால் மூடுபனி வந்தால் என்ன ஆகும் என்பதைத் திட்டமிடலாம். தீவில் இரண்டாவது இரவு இல்லாமலிருந்தால் வழிகாட்டிக்கு இரண்டே வழிகள் இருந்திருக்கும்: ஏமாற்றத்தோடு எல்லோரையும் ஊருக்கு அனுப்புவது, அல்லது அரைகுறை வெளிச்சத்தில் இறங்கிப் பார்ப்பது. பல வழிகாட்டிகள் இரண்டாவதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் துணிச்சல் இல்லை. நிரலில் மறுநாளே இல்லை என்பதுதான். ஆகவே அந்த இரவு வசதிக்கான செலவு ஆகாது. பாதுகாப்புக்கான செலவு என்றுதான் அதைக் கணக்கில் எழுத வேண்டும்.

விதிகளை முந்தைய இரவே சொன்னது எனக்கு அதைவிடப் பெரிய படிப்பினை. கரையில் நின்று, தீவு அவ்வளவு பக்கத்தில் இருக்க, நேர்ச்சையோடு வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்வது கடினம். வயிறு நிறைந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது சொல்வது எளிது. அப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட நேரம்தான் மறுநாள் பேசியது. அதனால் வழிகாட்டி யாருக்கும் எதிராளி ஆகவில்லை.

குறைகளும் உண்டு. மெல்ரோஸிலிருந்து ஹேர்ஸ்டேன்ஸ் வரை முதல் நாளிலேயே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நடக்க வைத்தது தவறு. உடல் இன்னும் பழகாத நாள் அது. ஒருவருக்கு இரு குதிகாலிலும் கொப்புளம் வெடித்து, அடுத்த இரண்டு நாள் வேனில் வர நேர்ந்தது. முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு வைட்ஓப்பன் குன்றைத் தவிர்த்துக் கீழ்ச்சாலையில் போக ஒரு வழி இருந்தும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. மணல் கடக்க முடியாதவர்கள் அக்கரையில் வெறுமனே காத்திருப்பதற்குப் பதில், புனித மரியா ஆலயத்தில் தொடங்கி எதிர்கொண்டு நடந்துவர ஒரு சிறு நடையை ஏற்பாடு செய்திருக்கலாம்.

வழிகாட்டி எழுதிக் கொடுத்த திருத்தங்களை நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. புதிய நிரலில் முதல் நாள், ஹேர்ஸ்டேன்ஸுக்கு முன்பே வரும் செயின்ட் பாஸ்வெல்ஸில் முடிகிறது. ஃபென்விக் இரவும் தீவின் இரண்டு இரவுகளும் நிலையாகிவிட்டன. புறப்படும் தேதிகளை விடுமுறை நாள்காட்டியை வைத்து முடிவு செய்வது நின்று, ஏற்றவற்ற அட்டவணை வெளியான பிறகே அறிவிக்கிறார்கள்.